இட்லிப் பானையில் யார் பெயர்

கல்யாண நாளுக்குப் பாஞ்சாலிக்கு என்ன வாங்குவது என்று மூன்று வாரம் யோசித்தேன். தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த நீளக் கைப்பிடித் துடைப்பத்தைப் பார்த்துவிட்டு அவள் இரண்டு நாள் பேசவில்லை. முதல் வருடம் அப்படியே முடிந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பிரேசர் டவுனில் மாலை ஆங்கில வகுப்பு எடுக்கும் ஹெர்பர்ட் சார், எதையும் முடிவு செய்யுமுன் தாளின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் சாதகமும் மறுபக்கம் பாதகமும் எழுதச் சொல்வார். எழுதினேன். என் நாட்குறிப்பின்படி, அந்த மாதம் மட்டும் பாஞ்சாலி பக்கத்து வீட்டுக் காந்தா அக்காவிடம் ஐந்து முறை இட்லிப் பானை இரவல் வாங்கியிருந்தாள். வெறும் பானையாகத் திருப்பித் தர முடியாது. நான்கு இட்லி வைத்துத் தர வேண்டும். ஆக இருபது இட்லி. சாதகப் பக்கம் நிரம்பிவிட்டது. பாதகப் பக்கத்தில் ஒரே வரி, வகுப்பில் என்னுடன் படிக்கும் சிரில் சொன்னது: பாத்திரம் ஊரார் கல்யாணத்துக்குக் கொடுப்பது, பெண்டாட்டிக்குக் கொடுப்பதல்ல. சிரிலுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

லிங்கராஜபுரத்தில் கிருஷ்ணப்பாவின் பாத்திரக்கடையில் ஓர் எவர்சில்வர் பானை எடுத்தேன். அவர் பெயர் வெட்டும் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, என்ன பெயர் போட வேண்டும், கன்னடத்திலா தமிழிலா என்று கேட்டார். இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அன்பளிப்புப் பாத்திரம் என்றால் கொடுத்தவர் பெயர்தானே இருக்கும்? எங்கள் வீட்டில் எல்லாப் பாத்திரத்திலும் அப்படித்தான். "அன்பளிப்பு முனிராஜ்" என்று தமிழில் போடச் சொன்னேன். தேதியும் போடச் சொன்னேன்.

கல்யாண நாள் காலையில் பாஞ்சாலி காகிதத்தைப் பிரித்தாள். பானையைக் கண்டதும் சிரித்தாள். சிரிலிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பானையைத் திருப்பிவிட்டாள்.

"இன்னாய்யா இது?"

கொடுத்தவர் பெயர் என்று விளக்கினேன். கொடுத்தது யாரென்று தனக்குத் தெரியாதா என்று கேட்டாள். பிறகு அடுக்கைக் காட்டினாள்.

"சொம்புல உங்கம்மா பேரு. குண்டான்ல உங்க அத்த பேரு. தட்டுல உங்க ஃபேக்டரி சங்கத்துப் பேரு. நான் வந்து ஒரு வருஷம் ஆச்சு, இந்த வூட்ல ஒரு கரண்டில கூட என் பேரு இல்ல. புதுசா வாங்கினதுலயும் உன் பேரா?"

அன்று ராத்திரி இட்லிக்கும் காந்தா அக்காவின் பானைதான் வந்தது. கணக்கு இருபத்து நான்கானது. புதுப் பானை அடுக்கின் மேல் என் பெயரைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் பானையையும் கிருஷ்ணப்பாவிடம் அழைத்துப் போனேன். என் பெயரை அழித்துவிட்டு அவள் பெயரைப் போடச் சொன்னேன். அவர் முடியாதென்று தலையாட்டினார்.

"வெட்டினது வெட்டினதுதான் சார், அழிக்க ஆகல்லா. வேணும்னா கீழ சேத்து எழுதலாம்."

பாஞ்சாலி ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தாள். பிறகு எழுந்து போய் அவர் காதருகில் ஏதோ சொன்னாள். மிஷின் வெகுநேரம் கிர்ரென்றது. தப்பில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க, அவர் கடை முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

"அன்பளிப்பு முனிராஜ். சொந்தக்காரி பாஞ்சாலி. ஞாயிறு இட்லி ஊத்துறது முனிராஜ்."

என் பெயர் இரண்டு முறை வருகிறதே, அவளுக்கு அது குறையாகப் படாதா என்று மெல்லக் கேட்டேன்.

"பரவால்ல," என்றாள். "அந்த எடத்துல வரட்டும்."

பக்கத்தில் குக்கருடன் நின்ற ஒரு பெண், தன்னுடையதிலும் அதேபோல் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். பின்னால் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற அவள் கணவர் என்னைப் பார்த்த பார்வையைச் சாதகத்தில் எழுதுவதா பாதகத்தில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பாஞ்சாலி பானையைப் பைக்குள் வைக்கவில்லை. எழுத்து வெளியே தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டாள். கம்பியைப் பிடித்து நின்ற பெரியவர் ஒருவர் அதை இரண்டு முறை படித்தார். அவள் அவருக்கு வசதியாகப் பானையைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.