இறங்காத கை

அலுவலகச் சுவரில் அந்தப் புகைப்படம் பொறியாளரின் நாற்காலிக்கு நேர் எதிரே தொங்கியது. பூங்கா கட்டுவதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்ட அன்று எடுத்த படம். நடுவில் அவர் வரைபடத்தைக் காட்டிச் சிரிக்கிறார். கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கியிருக்கிறாள்.

"கேள்வியெல்லாம் கடைசியில கேட்டுக்கலாம்மா" என்று அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. கடைசியில் டீதான் வந்தது. டீ வாங்க வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். அதையே சம்மதம் என்று கோப்பில் சேர்த்தாயிற்று. அந்த அலுவலகத்தில் காலங்காலமாக அப்படித்தான், யாருக்கும் உறுத்தவில்லை.

பூங்கா திறந்த மூன்றாவது வாரம், வாசலிலிருந்து வெளியே வந்த ஒரு பெண்ணை, திரும்பிய பஸ் அடித்துக் கொன்றது. அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கையைப் பார்க்கவே பயம். படத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தார். வெற்றுச் சுவரிலும் கை தெரிந்தது.

இன்று, வேறொரு தெருவில் வரப்போகும் இரண்டாவது பூங்காவின் வரைபடம் கையெழுத்துக்காக வந்தது. பேனாவை எடுத்தார்; கை ஓடவில்லை. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, புகைப்படத்தோடு பழைய பூங்காவின் தெருவுக்குப் போய் விசாரித்தார். கை தூக்கியவள் பூங்காவுக்கு எதிரே கடை வைத்திருந்த தையற்காரி.

"அன்னைக்கு என்னம்மா சொல்ல வந்தீங்க?"

அவள் மிஷினை நிறுத்தினாள். "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா சார்? வாசலை இங்க வைக்காதீங்கன்னு சொல்ல வந்தேன். பஸ் திரும்புற இடம். மதில் மறைச்சுரும், டிரைவருக்கு ஆள் வர்றது தெரியாது. இருபது வருஷமா இந்த ஜன்னல்லதானே உக்காந்திருக்கேன்."

அவர் ஜன்னல் வழியே எதிரே இருந்த பூங்கா வாசலைப் பார்த்தார்.

"செத்தது எங்க அக்கா சார். 'கையக் கீழ போடுடி, படிச்சவங்களுக்குத் தெரியாததா'ன்னு அன்னைக்கு என்னைப் பிடிச்சு இழுத்தவளும் அவதான்."

"இந்த வாசலை நாளைக்கே மூடச் சொல்றேன்மா" என்றவர், புது வரைபடத்தை விரித்தார். "இதுல வாசல் எங்க வைக்கட்டும்?"

"அது வேற தெரு. எனக்கென்ன தெரியும்? அங்க இருக்கிறவங்களக் கேளுங்க. கோடு போடுறதுக்கு முன்னாடி கேளுங்க சார். போட்டுட்டு வந்து கேக்குறது, கேக்குறதே இல்ல."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் வரைபடத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, படத்தை அதே ஆணியில் மறுபடி மாட்டினார். அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.