ஆடி மாதத்துப் புல்லட்

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, அவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. காந்தாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. வைகாசியில்தான் அவளுக்குத் தாலி ஏறியது. புருஷன் பஞ்சாட்சரம் ஜமுனாமரத்தூர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ஓட்டு வீடு. மலைக்குளிரும் புதுப் புருஷனும் இப்போதுதான் பழகத் தொடங்கியிருந்த நேரத்தில், சந்தவாசலிலிருந்து அப்பா தேவராஜ் ஆள் விட்டுவிட்டார்: பெண்ணைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகவும்.

ஆனி கடைசி நாள் பஞ்சாட்சரம் அவளை வண்டியிலேயே கூட்டிவந்தான். செக்கச்செவேலென்று ராஜ்தூத் முன்னூற்றைம்பது. இரண்டு பக்கமும் இரண்டு புகைக்குழல் இருப்பதால் மலையில் அதற்கு ரெட்டைக்கொழல் என்றே பேர். காலையில் எழுந்தால் தன் முகத்தைத் துடைக்கிறானோ இல்லையோ, அதன் டாங்க்கைத் துடைத்துவிடுவான்.

மலைப்பாதையில் வண்டி சீறிக்கொண்டு இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் காந்தாவின் வயிற்றுக்குள் என்னவோ கூச்சமாக ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வழிநெடுக, "மெதுவா போங்க, மெதுவா போங்க" என்று கத்தினாள். வேகமாகப் போனால் சந்தவாசல் சீக்கிரம் வந்துவிடுமே! வந்தால் இறங்கவேண்டும், இறங்கினால் ஒரு மாதம் அவன் முகத்தைப் பார்க்கமுடியாது. இதை வாய்விட்டுச் சொல்ல எந்தப் புதுப்பெண்ணுக்கு வாய் வரும்? பாவி மனுஷன், பெண்டாட்டி பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

மாமனார் வீட்டில் விருந்து தடபுடல். சாப்பிட்டு வெற்றிலை போட்டபடி தேவராஜ் வாசலில் நின்ற வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார். உரக்கடைக்காரர். எதையும் நிறுத்துப் பார்க்காமல் விடமாட்டார்.

"மாப்ள, தப்பா நெனச்சிக்காதீங்க. இது பந்தயத்துக்குப் போறவன் ஓட்ற வண்டி. குடும்பஸ்தனுக்கு புல்லட்தான். முன்னால புள்ளய குந்தவெச்சி, பின்னால பொஞ்சாதிய ஏத்திக்கினு, பக்கத்துல ஒரு மூட்ட மல்லாக்கொட்டயும் கட்டிக்கலாம். சென்னப்பட்டணம் வரிக்கும் போய்ட்டு வந்தாலும் இடுப்பு வலிக்காது. எறக்கத்துல ரெண்டாவது கியர்ல போட்டா அதும்பாட்டுக்குப் புடிச்சிக்கினு எறங்கும். இது புடிக்குமா?"

"அந்த அளவுக்குப் புடிக்காதுங்க மாமா. பிரேக்க நம்பித்தான் எறங்கணும்."

"பெட்ரோலு?"

"குடிக்கும்ங்க." பஞ்சாட்சரம் அசடு வழிந்தான். "ஆனா ஏத்தத்துல ஒரு முறுக்கு முறுக்கினா பாருங்க, மல நம்மள அப்பிடியே தூக்கினு போவும். புல்லட்டு எல்லாத்துக்கும் ஆவும், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஒண்ணு அதுல கெடைக்காதுங்க மாமா."

"மல ஏறுறதுக்கு அவசரம் இன்னா? நீங்க போறதுக்குள்ள மாடு எழுந்து ஓடிடப் போவுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். தேவராஜ் கதவோரம் நின்ற மகளைப் பார்த்து, "நீ சொல்லும்மா, ஒக்காந்துகினு வந்தவ நீதானே. பயமா இல்ல?" என்று கேட்டுத் தொலைத்தார்.

அப்பன் எதிரில், இல்லை, இனித்தது என்று சொல்லமுடியுமா? காந்தா தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சி" என்றாள்.

பஞ்சாட்சரத்தின் சிரிப்பு நின்றுபோனது. வண்டியை ஒரு பார்வை பார்த்தான், அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஆடியில் மாப்பிள்ளை மாமியார் வீட்டுப் படி ஏறக்கூடாது. தெருவில் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! முதல் வெள்ளிக்கிழமை, வேலூரில் தடுப்பூசி மருந்து வாங்கவேண்டும் என்று சாக்கு வைத்துக்கொண்டு அவன் சந்தவாசல் வழியாகவே வந்தான். ஊர் எல்லையில் வரும்போதே ரெட்டைக்கொழலின் சத்தம் காந்தாவுக்குக் கேட்டுவிட்டது. தண்ணீர் இருந்த குடத்தைக் கீழே கொட்டிவிட்டு, காலிக்குடத்தோடு வாசலுக்கு ஓடினாள். ஒரு பார்வை, ஒரு சிரிப்பு, வண்டி போய்விட்டது. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஊரே கோயிலில் நிற்க, தலைவலி என்று பொய் சொல்லி வீட்டிலேயே கிடந்தாள். காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். ஆடிக்காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. பால் சொசைட்டி செக்ரட்டரியின் புல்லட்டோ என்னவோ, டப்டப்டப் என்று தெருவில் நிதானமாகப் போனது. வீட்டெதிரே கொஞ்சம் தயங்கியது போலக்கூட இருந்தது. அவள் புரண்டு படுத்தாள். ரெட்டைக்கொழல் வரவே இல்லை.

அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. காந்தா ஏங்கிப்போனாள். சோறு இறங்கவில்லை. தலையில் வைத்த பூ பாரமாக இருந்தது. காய்ச்சலில் கிடக்கிறானோ என்று ஒரு நேரம் பதறுவாள். மலையில் ஜம்மென்று இருக்கிறான், பெண்டாட்டி என்று ஒருத்தி இருப்பதையே மறந்துவிட்டான் என்று மறுநேரம் பொருமுவாள். "ஆடி போனா ஆவணி, அதுக்குள்ள இன்னாடி அவசரம்?" என்று அம்மா சம்பூர்ணம் கிண்டல் செய்தாள். கட்டிக்கொடுத்து இருபது வருஷம் ஆனவள், அவளுக்கென்ன!

ஒரு செவ்வாய்க்கிழமை மாவாட்டிக்கொண்டிருந்தபோது, சத்தம் கேட்டது. அதே சீறல்! கையெல்லாம் மாவோடு, அவிழ்ந்த கொண்டையோடு ஓடினாள். தெருவில் இறங்கியே நின்றுவிட்டாள். செக்கச்செவேலென்று வண்டி வந்தது. காந்தா வாய்நிறையச் சிரித்தாள்.

வண்டியில் இருந்தவன் வேறு யாரோ. கறுப்புக் கண்ணாடியும் மைனர் சங்கிலியுமாக இருந்தான். நடுத்தெருவில் தன்னைப் பார்த்து ஒருத்தி சிரிப்பதைக் கண்டதும் அவனும் பல்லைக் காட்டிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு போனான். எதிர்வீட்டுச் சாந்தம்மாள் முறத்தோடு நின்று, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காந்தாவுக்கு உயிரே போய்விட்டது.

சாயங்காலம் தேவராஜ் கடையிலிருந்து வந்து, விஷயம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது போளூரு ரைஸ்மில்லு தங்கவேலு. அந்த வண்டி இப்ப அவுனுதுதான். மாப்ள வண்டிய மாத்திக்கினாரு, தெரியாதா ஒனக்கு? அத அவனுக்குக் குடுத்துட்டு அவன் புல்லட்ட வாங்கிக்கினாரு. கடையில பாத்து, ஆடியில யாராவது வண்டி மாத்துவாங்களான்னேன். ஒன்ன கூட்டினு போவ வரும்போது புல்லட்லதான் வருவேன்னு ஒரே பிடிவாதம். வெள்ளிக்கு வெள்ளி இப்பிடித்தானே போறாரு? நீ பாக்கலியா?"

காந்தா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டப்டப்டப். அவன்தான் வந்தான். வீட்டெதிரே தயங்கியதும் அவன்தான். அவள் உள்ளே புரண்டு படுத்துக்கொண்டிருந்தாள்!

மறுநாள் காலையில், போளூருக்குப் போய் வளையல் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். போளூரில் இறங்கி, வளையல் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், மலை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மாட்டாஸ்பத்திரி வாசலில் பஞ்சாட்சரம் ஒரு மாட்டுக்கு ஊசி போட நெருங்கிக்கொண்டிருந்தான். மாட்டுக்காரர் மாதையன் கொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவளைப் பார்த்ததும், அவன் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடியே சிலையாக நின்றான்.

"கம்பவுண்டரே, ஊசி மாட்டுக்கா, எனக்கா?" என்றார் மாதையன்.

பஞ்சாட்சரம் ஓடிவந்தான். "இன்னா காந்தா? யாருக்கு இன்னா ஆச்சி?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. எனக்குத்தான் ஆயிடுச்சி." அவள் அழுதுவிட்டாள். "வண்டிய மாத்துனா ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் அந்தச் சத்தத்துக்குத் தவமா தவம் கெடந்தேன்."

"மூணு வெள்ளிக்கெழம வந்தேன். நீ எட்டிக்கூடப் பாக்கல. உங்கப்பா தெருக்கோடி கடையில ஒக்காந்துகினு பாக்கறாரு, ஆரன் அடிக்கவும் வெக்கம். சரி, இவளுக்கு நம்ம மேல இஷ்டமில்லன்னு நெனச்சிட்டேன்." அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "உனக்கோசரம்தான் மாத்துனேன். நீதான் பயந்துட்டியே?"

"நான் பயப்படல." இனி வெட்கம் என்ன வெட்கம்! பத்து பேர் நிற்கும் இடத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். "ஊரு சீக்கிரமா வந்துடப் போவுதேன்னு கத்துனேன். உங்கள வுட்டுட்டுப் போவணுமேன்னு கத்துனேன். எனக்கு அந்த வண்டி எவ்ளோ புடிக்கும் தெரியுமா?"

பஞ்சாட்சரம் திரும்பினான். பலாமரத்தடியில் கனமாக, கறுப்பாக, நல்ல பிள்ளையாக நின்ற புல்லட்டைப் பார்த்தான். அதன்மீது ஒரு குறையும் சொல்லமுடியாது. ஏறும், இறங்கும், மூட்டை சுமக்கும்.

"தங்கவேலு எடுத்துனு போவும்போது, ரோட்டு வளைவு திரும்புற வரிக்கும் நின்னு பாத்துக்கினு இருந்தேன் காந்தா" என்றான். "இனிமே கேட்டா குடுக்கமாட்டான்."

"ரெண்டு பேருக்கும் ஆச. எவனோ ஓட்டிக்கினு போறான்" என்றாள் அவள். சொல்லும்போதே அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவனுக்கும் வந்தது.

வந்த பஸ் திரும்பிப் போக ஆரன் அடித்தது. பஞ்சாட்சரம் திடுக்கிட்டான்.

"ஐயோ, கெளம்பு. ஆடி முடிய இன்னும் நாள் இருக்குது. உங்க வூட்ல தெரிஞ்சா என்னத்தான் திட்டுவாங்க."

"ஆடியில எதுக்குங்க பிரிச்சி வெக்கிறாங்க?"

அவனுக்குக் காது சிவந்தது. மாதையனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சித்திரையில கொழந்த பொறந்தா வெயிலு தாங்காதுன்னு."

"அது சந்தவாசல் வெயிலு" என்றாள் காந்தா. "இங்க சித்திரையில எல்லாரும் இன்னா பண்றீங்க?" என்று மாதையனையே கேட்டாள்.

"போத்திக்கினு தூங்குவோம் தாயி" என்றார் மாதையன். மாடு தலையை உதறியது.

கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினான். "போளூர் போற அம்மா! வர்றியா இல்லியாம்மா?"

காந்தா அங்கிருந்தே, ஜமுனாமரத்தூர் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னாள்.

"நான் வரலீங்க. எங்க வூடு இங்கதான் இருக்குது."

கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் கிளம்பிப் போனது.