மீதி நாற்பத்தாறு கிலோ

ஒன்றியக் குழுத் துணைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த நெடுமாறன் அதிலிருந்து எழ முடியாமல் நானூற்றுப் பதினொரு மணி நேரம் ஆன பிறகு, நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து நூறு டன் கிரேன் ஒன்றை வரவழைத்தார்கள். அலுவலகக் கூரையில் நான்கு ஷீட்டுகளைக் கழற்றி, நாற்காலிக்கு அடியில் பெல்ட் கொடுத்து இழுத்தார்கள். கிரேனின் மீட்டர் அறுபத்தைந்தாயிரத்து நூற்று இருபத்துநான்கு கிலோ காட்டியது. அதற்கு மேல் ஏறவுமில்லை, நாற்காலி எழவுமில்லை. அடியிலிருந்த டைல்ஸில் ஒரு கீறல்கூட விழவில்லை. அங்கே கான்ட்ராக்டில் பெருக்கும் செந்தாமரைக்கு அது நன்றாகத் தெரியும். தினமும் அந்த நாற்காலியைச் சுற்றிப் பெருக்குபவள் அவள்தான். கம்ப்யூட்டர் பார்க்கும் சத்யப்பிரியா அந்த எடையை ஆயிரத்து இருநூற்று ஆறால் வகுத்துப் பார்த்தாள். தலைக்கு ஐம்பத்துநான்கு கிலோ வந்தது. ஆயிரத்து இருநூற்று ஆறு என்பது நெடுமாறன் வாங்கிய ஓட்டு.

எதிர்த்து நின்ற சாமிக்கண்ணு ஆயிரத்து இருநூற்று ஐந்து வாங்கியிருந்தார். மூன்று முறை எண்ணியும் அதேதான். சாமிக்கண்ணு செந்தாமரையின் மாமனார். அவருடைய கூட்டணி சுரங்கத்துக்கு நிலம் கொடுக்கலாம் என்றது. கொடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் நெடுமாறன் ஓட்டுக் கேட்டார். செந்தாமரையின் அம்மா பாப்பாவின் முந்திரித் தோப்பில் நின்று, ஒரு பிடி மண்ணை அள்ளி, ஒரு சென்ட்கூடப் போகாது என்று சத்தியம் செய்தார். ஜெயித்த ஒன்பதாம் நாள் கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது, ஓர் ஆள் குறைந்திருந்த சாமிக்கண்ணுவின் கூட்டணிக்கே போய்ச் சேர்ந்தார். துணைத் தலைவர் பதவி கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து அவர் போட்ட முதல் கையெழுத்து, நிலம் கொடுக்க எங்கள் பகுதி மக்களுக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தில். பேனாவை மூடிவிட்டு எழப் பார்த்தார், முடியவில்லை. தோற்ற சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டு நெடுமாறனுக்கு மாலை போடச் சொன்னார்கள். போட்டார். அன்று வீட்டுக்கு வந்து, "ஒரே ஒரு ஓட்டும்மா. அதப் போட்டது எவன்னு தெரியட்டும், அப்புறம் அவன் இந்த ஊர்ல குடியிருக்க மாட்டான்" என்றார். செந்தாமரை அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

கிரேன் தோற்ற மறுநாள், சுரங்கத்தில் முப்பது வருடம் நிலக்கரி ஓடும் பெல்ட்டைப் பார்த்து ரிட்டையரான மருதமுத்து வந்தார். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்தாலும் ரிலீவர் வராமல் யாரும் இடத்தை விட்டு இறங்கக் கூடாது. வந்தவர் எதிரே நின்று, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் இறங்கினால் மெமோ. "ஏத்தி உட்டவன் வந்து எறக்கணும்யா. கிரேன் இன்னா பண்ணும்?" என்றவர் நெடுமாறனின் முகத்துக்கு நேரே நின்று, "என் ஓட்ட நான் எடுத்துக்கறேன், நீ எறங்கு" என்றார். இன்னும் மாட்டியே இருந்த கிரேனின் மீட்டரில் அறுபத்தொரு கிலோ குறைந்தது. மருதமுத்துவின் எடையும் அதேதான்.

அதற்குப் பிறகு வரிசை நின்றது. ஏ ஷிப்ட் முடித்தவர்கள் மத்தியானம் வந்தார்கள், சி ஷிப்ட் முடித்தவர்கள் விடிந்ததும் வந்தார்கள். ஓட்டைச் சும்மா எடுத்துக்கொண்டு போக யாருக்கும் மனம் வரவில்லை. முதலில் திட்டிவிட்டுத்தான் எடுத்தார்கள். எழுந்து போக முடியாததால் நெடுமாறன் எல்லாவற்றையும் கேட்டார். ஒருவர் ஒரு ஷிப்ட் முழுக்கப் பேசிவிட்டு, மீதியை நாளை வந்து சொல்வதாகப் போனார். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் போனில் ஸ்பீக்கர் போட்டுச் சொன்னார். எழுபது கிலோ இறங்கியது. டீக்கடை அருண்பிரசாத் சொன்னபோது மட்டும் மீட்டர் அசையவில்லை. அவர் மனைவி புவனா வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏன்யா, ஆயிரம் பேர் ஓட்டு மீட்டருக்குத் தெரியுது, ஒன்னோடது மட்டும் தெரியலையா? அன்னிக்கு எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியே!" என்றாள். நெடுமாறனின் மனைவி உமாராணி இரண்டாம் நாளே வந்து எடுத்துக்கொண்டாள். ஒரு கட்டத்தில் நெடுமாறன் தன் ஓட்டைத் தானே எடுத்துக்கொண்டார். எண்பத்தொரு கிலோ.

இதற்குள் ஐந்து மாதங்கள் ஓடிவிட்டன. அந்தக் கடிதத்தைக் காட்டிச் சுரங்கத்துக்காரர்கள் பாப்பாவின் தோப்பில் நூற்றுப் பத்து மரங்களையும் ஒரே நாளில் சாய்த்தார்கள். மறுநாள் பாப்பா வரிசையில் வந்து நின்றாள். திட்டவில்லை. மடியில் முடிந்து வைத்திருந்த ஒரு பிடி மண்ணை அவிழ்த்து நெடுமாறனின் மடியில் கொட்டினாள். "உன் சத்தியம் இது. வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு ஓட்டை எடுத்துக்கொண்டாள். கீழே சிந்திய மண்ணைச் செந்தாமரை பெருக்கவில்லை. அந்த மண் இன்றும் அங்கேதான் கிடக்கிறது.

ஆயிரத்து இருநூற்று ஐந்து பேரும் எடுத்துக்கொண்ட பிறகு மீட்டர் நாற்பத்தாறு கிலோவில் நின்றது. அந்த நாற்பத்தாறு கிலோவைத் தூக்க முடியாமல் நூறு டன் கிரேன் புகை விட்டது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு மீட்டரை மட்டும் சுவரில் மாட்டினார்கள். நெடுமாறனின் மற்றத் தேவைகளுக்குத் தச்சர் ஒருவர் நாற்காலிக்கு அடியில் ஒரு வழி செய்து, சுற்றிலும் திரை போட்டுக் கொடுத்தார். மழை பெய்தால் கூரை ஓட்டைக்கு நேராகக் குடை பிடிக்க ஓர் ஆள் போட்டார்கள். நூறு நாள் வேலைக்கு விசாரிக்க வருபவர்கள் அவரைக் கடந்துபோனார்கள். யாரும் நின்று பார்க்கவில்லை.

காத்துக்கொண்டிருக்க முடியாதவர் நெடுமாறன்தான். கூட்டணி அவருக்குச் சட்டமன்ற சீட் தருவதாகச் சொல்லியிருந்தது. நேரில் சென்னைக்கு வந்து கட்சி அலுவலகத்தில் விருப்ப மனுக் கொடுக்க வேண்டும். கடைசி ஓட்டுக்காரர் வந்து சொன்னால் வீட்டில் ஒருவருக்கு பெர்மனென்ட் வேலை என்று மைக் கட்டிச் சொல்ல வைத்தார். யாரும் வரவில்லை. கண்டுபிடிக்கும் பொறுப்பைக் கட்சி சாமிக்கண்ணுவிடம் கொடுத்தது. அவர் எடை மெஷினை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். நாற்பத்தாறு கிலோ யார் இருந்தாலும் பெயரை எழுதிக்கொண்டார். அந்த மாதங்களில் செந்தாமரை நன்றாகச் சாப்பிட்டாள். காலையில் பழைய சோறு, நடுவில் வறுத்த முந்திரி, சாயங்காலம் இரண்டு முட்டை. "மருமவளுக்கு இப்பதான் வூட்டுச் சோறு ஒட்டுது" என்று சாமிக்கண்ணு சந்தோஷப்பட்டார். வீட்டில் மெஷினை இறக்கி எல்லோரையும் ஏறச் சொன்ன அன்று அவள் ஐம்பத்திரண்டு கிலோ இருந்தாள்.

மனுக் கொடுக்கக் கடைசி நாளுக்கு முதல் நாள், அலுவலகத்தில் அவளோடு பெருக்கும் வளர்மதி மெஷினில் ஏறினாள். சரியாக நாற்பத்தாறு. சாமிக்கண்ணு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினார். அவள் சொல்லச் சொன்னதையெல்லாம் சொன்னாள். மீட்டர் அசையவில்லை.

"மனசார சொல்லுடி" என்றார் சாமிக்கண்ணு.

"நான் ஒங்களுக்குத்தாங்க போட்டேன். புள்ளைங்க மேல சத்தியமா."

"பொய். நாளையிலேர்ந்து ஒனக்கு இங்க வேல இல்ல."

நெடுமாறன் கையெடுத்துக் கும்பிட்டார். "யாரா இருந்தாலும் ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா. கால்ல உழறேன்" என்றார். எப்படி விழுவது என்று அவருக்கே தெரியவில்லை.

செந்தாமரை விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அந்த மண்ணை மிதிக்காமல் சுற்றி நடந்து, அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். ரிலீவர் நிற்கும் இடம் அதுதான். சொல்ல வேண்டியதை இத்தனை மாதமும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள்.

"வளர்மதிய உடுங்க மாமா. நாளைக்கு வூட்ட உட்டு நான் போறேன், இவ வேல இருக்கட்டும்" என்றாள். பிறகு நெடுமாறனைப் பார்த்தாள். "அண்ணே, அஞ்சு வருசத்துக்குன்னுதான் போட்டேன். அதுக்கு முன்னாடி எடுத்துக்க மாட்டேன், உக்காந்திருங்க. அந்த ஓட்டு என்னுது."