குதிகாலால் உதைப்பவள்

ரிகால்சிட்ரன்ட் என்ற ஆங்கிலச் சொல்லை நான் ஒரே ஒரு கடிதத்தில்தான் எழுதியிருக்கிறேன். மலேசியாவில், செனாயில் பிளாஸ்டிக் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு மனிதவளப் பிரிவில் வேலை. எச்சரிக்கைக் கடிதம் எழுதுவதில் இந்தப் பிரேமளாவை அடிக்க ஆளில்லை என்று பெயர். ரயில்வே கிளார்க்கின் மகள் நான்; எங்கள் வீட்டில் ஆங்கிலம் சோறு மாதிரி. அந்தத் திமிர் எனக்கு உண்டு, ஒளிப்பானேன்.

கடிதம் கஸ்தூரிக்கு. ஐம்பத்திரண்டு வயது, மோல்டிங் பிரிவில் பதினெட்டு வருடம். புருஷன் இல்லை, ஒரே மகள் ஷர்மினி பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். இரண்டு மாதமாகக் கஸ்தூரி பாதுகாப்புக் காலணியின் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு நடந்தாள். இரண்டு எச்சரிக்கை கொடுத்தாயிற்று. இது மூன்றாவது; இதற்கும் அசையாவிட்டால் வேலை போய்விடும்.

தீமிதி வருகிறது, ஏதோ வேண்டுதல் போல என்றார் சூப்பர்வைசர் வேலு. திருவிழாவுக்கு முன் செருப்பில்லாமல் விரதம் இருப்பவர்கள் எங்கள் ஆலையில் வருடா வருடம் உண்டு. விரதக்காரரைத் துருவிக் கேட்பது பாவம் என்று யாரும் மேற்கொண்டு பேசமாட்டார்கள். கஸ்தூரி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற எனக்கு எரிச்சலாக வந்தது. சாமி வந்து காலணியின் பின்பக்கத்தையா பார்க்கப்போகிறது?

அவளை என் அறைக்குக் கூப்பிட்டேன். கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவள் அந்தச் சொல்லில் விரலை வைத்து நின்றுவிட்டாள்.

"இது என்னா மிஸ்?"

பிடிவாதம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். என் படிப்பு சும்மா இருந்தால்தானே? லத்தீனில் கால்க்ஸ் என்றால் குதிகால். குதிகாலால் பின்னுக்கு உதைக்கிற குதிரையையும் கழுதையையும் சொல்லப் பிறந்த வார்த்தை, பிறகு சொன்ன பேச்சுக் கேட்காத மனிதர்களுக்கும் ஒட்டிக்கொண்டது என்று விளக்கினேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

அவளும் கொஞ்சம் சிரித்தாள். "நாளைக்கி ஒழுங்கா போட்டுக்கிறேன் மிஸ். வேலைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

போட்டால் ஒன்றும் ஆகாது என்றேன்.

மறுநாள் போட்டாள். நானே இறங்கிப்போய்ப் பார்த்தேன். நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தாள். அடியாத மாடு படியாது என்று வேலுவிடம் பெருமையடித்துக்கொண்டேன். ஒன்பது நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், அப்படியே நின்று வேலை பார்த்தாள். பத்தாம் நாள் காய்ச்சலில் இயந்திரத்தின் பக்கத்திலேயே சரிந்தாள். காலணியைக் கழற்றிய வேலு முகத்தைத் திருப்பிக்கொண்டார். குதிகால் அழுகிப்போயிருந்தது.

ஏழு வருடமாக அவளுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண். தெரிந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று நிறுத்திவிடுவார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. விரதம் என்று பேச்சு எழுந்ததும், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இதையெல்லாம் ஷர்மினிதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மிஸ், மிஸ் என்று மரியாதையாகவே பேசினாள்.

கஸ்தூரி யாரையும் உதைக்கவில்லை. வலியை மறைத்துக்கொண்டு நடந்தாள், அவ்வளவுதான். ஒரு சொல்லின் பிறப்பைத் தேடி அகராதி அகராதியாகப் புரட்டிய நான், காலில் என்ன என்று அவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது, உடல் தகுதி இல்லாததால் வேலையிலிருந்து விடுவிக்கிறோம் என்ற நிர்வாகத்தின் கடிதம் என் கைப்பையில் இருந்தது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

கஸ்தூரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், ஒம்போது நாளும் நான் ஒழுங்கா ஷூ போட்டேன்னு ஃபைல்ல எழுதிட்டீங்களா?"

எழுதிவிட்டேன் என்றேன். கைப்பையைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் மகள் பக்கம் திரும்பினாள். "அப்பறம் என்னாடி, அதான் வேல இருக்குல்ல. நீ காலேஜுக்குப் போ."