ஐயாவும் ஆண்டையும்

மணி இறங்கிவிட்டது. இனி என் புருஷனை யாரும் பாலத்துக்குக் கூப்பிட முடியாது.

இந்த நினைப்பு எழுந்ததுமே உலித்தா சுற்றுமுற்றும் பார்த்தாள், வாய்விட்டுச் சொல்லிவிட்டோமோ என்று. யாரும் அவளைக் கவனிக்கவில்லை. நோவ்கோரத் நகரின் ஊர்ச்சபை மணியை மாஸ்கோ வீரர்கள் கயிறு கட்டி இறக்கிப் பனிவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றி மார்போடு அழுத்திக்கொண்டு அழுதார்கள். உலித்தாவும் அழுதாள். அவள் கண்ணீரும் மற்றவர்களுடையதைப் போலவே கன்னத்தில் உறைந்தது. அதற்குள் இருந்தது துக்கமில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த மணி அடித்தால் தச்சர் தெரு ஆண்கள் உளியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். எந்தக் கோமகனை வைத்துக்கொள்வது, எவனை விரட்டுவது என்று சபையில் கத்துவார்கள். கத்தித் தீராவிட்டால் வோல்கவ் ஆற்றுப் பாலம் இருக்கிறது. கோயில் கரைக்காரர்களும் சந்தைக் கரைக்காரர்களும் நடுப்பாலத்தில் மோதிக்கொள்வார்கள். அப்படி ஒரு மோதலில்தான் அவள் தம்பி மிக்குலா ஆற்றில் விழுந்தான். எதற்காகச் சண்டை என்று பிறகு விசாரித்தபோது நாலு பேர் நாலு காரணம் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒன்பது வருஷமாக, மணிச்சத்தம் கேட்டு அவள் புருஷன் தெரெந்தி அவசரமாகக் காலணி மாட்டும்போதெல்லாம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "நம்ம ஊரை நாமளே ஆளுறோம்டி, சும்மாவா?" என்பான். அவளுக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் அது கிளம்பிப் போகும்போது எப்போதும் அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்தபோது தெரெந்தி அடுப்பின் மேல் கட்டிய படுக்கை மேடையில் படுத்திருந்தான். மாஸ்கோப் படை ஊரை முற்றுகையிட்டிருந்தபோது வந்த காய்ச்சல் இறங்கி நாலு நாள்தான் ஆகிறது.

"அழுதியா?"

"அழுதேன்."

"நெசமாவா, ஊருக்காகவா?"

அவள் மூட்டையை இறக்கினாள். "மாவு வந்திருக்கு. நல்ல தானிய மாவு. பைன் மரப்பட்டையெல்லாம் கலக்கலை."

"அப்ப மாஸ்கோ வாழ்க."

"வாயை மூடுய்யா, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டுமே. எங்க தாத்தா காலத்துல மாஸ்கோன்னா ஒரு மரவேலி, அதுக்குள்ள சேறு. மங்கோலியத் தார்த்தாரியனுக்கு வரி வசூல் பண்ணிக் கொடுத்தே கொழுத்தானுங்க. யாரோஸ்லாவ்ல் நாட்டை முழுங்கினான், ரோஸ்தோவ் நாட்டைக் காசு கொடுத்து வாங்கினான். இப்ப நம்ம மணியையும் தூக்கிட்டான்."  பிறகு குரலைத் தாழ்த்தினான். "ராத்திரி நல்லாத் தூங்கினேன்டி. ரொம்ப வருஷம் கழிச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மாவைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். இந்த நிம்மதியை ஏதோ திருட்டுப் பொருளைப்போல மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். அவனும் அதையே மறைத்து வைத்திருந்தான்.

மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது யாக்குன் வந்தான். தெருத்தலைவன், அவளுக்கு உறவில்லாவிட்டாலும் அண்ணன் முறை. வாசலில் நின்று காலிலிருந்த பனியை உதறியதே ஒரு நாழிகை ஆனது. அவன் கையில், எழுதுவதற்காக வெந்நீரில் ஊறவைத்து நிமிர்த்திய பிர்ச் மரப்பட்டை ஒன்று இருந்தது.

"யாருக்குக் கடிதாசி, அண்ணா?"

"கடிதாசி இல்லம்மா." உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். "மூணு நாள் முந்தி நம்ம தெரு முழுக்கச் சிலுவையை முத்தமிட்டு மாஸ்கோவுக்குச் சத்தியம் பண்ணோமில்ல? அதுல யார் யார் 'ஐயா'ன்னு சொன்னாங்கன்னு மாஸ்கோ எழுத்தர் கேக்கறாரு."

உலித்தாவின் கை மாவுக்குள்ளேயே நின்றது.

இந்தச் சண்டை முழுவதும் அந்த ஒரு சொல்லால் வந்தது. நோவ்கோரத் மாஸ்கோப் பெருங்கோமகனை எப்போதும் 'ஐயா' என்றுதான் எழுதும். அவர் 'ஆண்டை' என்று எழுதச் சொன்னார். ஐயாவுக்கு மரியாதை கொடுக்கலாம், ஒத்துவராவிட்டால் வழியனுப்பியும் வைக்கலாம். ஆண்டைக்கு அடிமைதான் இருக்க முடியும். அதற்காக ஏழு வாரம் படை ஊரைச் சுற்றி நின்றது. கடைசியில் பசியும் காய்ச்சலும் சேர்ந்து அந்தச் சொல்லைச் சொல்ல வைத்தன.

"அங்கேயே நின்ன எழுத்தருக்கே கேட்டிருக்குமே" என்றான் தெரெந்தி.

"எங்க? நாம பேசறது அவருக்குப் புரியவே மாட்டேங்குதாம். வாயில கஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசறோமாம்."

"பொறந்ததுலேருந்து ஐயான்னே சொல்லிப் பழகின நாக்குய்யா. மூணு நாள்ல திருப்பிப் போட அது என்ன தோசையா, அப்பமா?"

"என்கிட்ட ஏன்டா பாயறே? நானா ஆண்டை?" யாக்குன் பட்டையை மடியில் வைத்துத் தடவினான். "அப்படிச் சொன்னவங்க வீடுகளைக் காலி பண்ணி மாஸ்கோப் பக்கம் அனுப்பப் போறாங்களாம். நம்ம தெருவுல ஒரே ஒரு ஆள்தான், தங்கச்சி. உன் பக்கத்து வீட்டுத் தோம்னா. உனக்கு முன்னாடிதான் நின்னா. என் காதுல விழுந்துச்சு, உன் காதுலயும் விழுந்திருக்கும்."

விழுந்தது. கணவனையும் இரண்டு மகன்களையும் இந்தக் குளிர்காலத்திலேயே புதைத்தவள் தோம்னா. சிலுவையை முத்தமிட்டு "ஐயாவுக்கு உண்மையா இருப்பேன்" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாதிரியார் வேண்டுமென்றே பலமாக இருமினார். அடுத்தது உலித்தா. சிலுவையின் உலோகக் குளிர் உதட்டில் ஒட்டியது அவளுக்கு நினைவிருக்கிறது. தான் எந்தச் சொல்லைச் சொன்னோம் என்பது, எத்தனை தடவை யோசித்தாலும், நினைவில் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்பது மட்டும்தான் அப்போது மனம் முழுக்க இருந்தது.

"நான் எழுத்துத் தெரியாதவன்" என்றான் யாக்குன். "நீ அவ பேரை எழுதிட்டா உன் வீட்டை எவனும் தொடமாட்டான். எழுதலேன்னா... அன்னிக்கு உலித்தா என்ன சொன்னான்னு என்னைத்தான் கேப்பாங்க."

அவள் மேடையைப் பார்த்தாள். தெரெந்தி எழுந்து உட்கார்ந்திருந்தான்.  அவன் முகம் மெலிந்திருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது. இனி பாலம் இல்லை. அந்த நிம்மதி அவளுக்குள் இன்னும் சூடாக இருந்தது. அதை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. ஒரு பெயரைக் கீறினால் போதும், அது பத்திரமாக இருக்கும். அப்படியா? தோம்னாவின் கதவைத் தட்டுகிற சத்தம் இந்தச் சுவர் வழியே கேட்குமே. அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்காகவா அந்த மணி இறங்கியது?

கையிலிருந்த மாவை விரல் விரலாக உருவி எடுத்தாள்.

"எனக்கு எழுத வராதுண்ணா."

யாக்குன் வாயைத் திறந்தான். போன இலையுதிர் காலத்தில் அவன் மகளுக்கு மாப்பிள்ளை கேட்டு லதோகா ஊருக்குக் கடிதம் எழுதித் தந்தது இந்தக் கைதான். இதே அடுப்படியில்தான் எழுதினாள்.

"அவளா?" என்றான் தெரெந்தி மேலிருந்து. "ஏதோ கீறுவா. கோழி கிண்டின மாதிரி இருக்கும். அதை வெச்சு அந்த லதோகாக்காரன் எப்படிப் பொண்ணு கட்டினானோ!"

யாக்குனின் உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்குகிறானா, பயத்தையா என்று தெரியவில்லை. தோள்கள் மட்டும் கொஞ்சம் இறங்கின. இருந்தும் வந்த வேலையை முடிக்க வேண்டியவனாக, பட்டையை மறுபடி அவள் பக்கம் நீட்டினான்.

"ஒரே ஒரு பேர்தான், தங்கச்சி."

உலித்தா அதை வாங்கி, அடுப்பு பற்றவைக்க வைத்திருந்த சுள்ளிகளின் மேல் வைத்தாள்.

"ஒரு பேரும் வராதுண்ணா" என்றாள். "இருங்க. ரொட்டி வெந்ததும் சாப்பிட்டுட்டுப் போங்க."