ஒன்றும் ஆகாத மூன்று வாரங்கள்

பன்றிப் பண்ணையின் இரும்புக் கதவை அண்ணன் பாதிதான் திறந்தான். மீதியை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றான்.

"தங்கச்சியா வந்திருக்கியா, டாக்டரா வந்திருக்கியா?"

"டாக்டரா."

"அப்ப வந்த வழியே போ."

அவள் அரசுக் கால்நடை மருத்துவர். அன்று காலை, அண்ணனின் பண்ணையில் கொட்டகை கழுவுகிறவனின் மனைவி போனில் அழுதாள். கணவனுக்கு நான்கு நாளாகக் காய்ச்சலாம். இன்று பெற்ற மகளையே யாரென்று கேட்கிறானாம். பன்றிகள் ஒரு வாரமாக இருமுவதையும் அவள்தான் சொன்னாள். அவனை ஆஸ்பத்திரியில் தனி அறையில் சேர்க்கச் சொல்லிவிட்டு மருத்துவர் நேராக இங்கே வந்திருந்தாள்.

"அவனா? தண்ணியப் போட்டுட்டு உளறியிருப்பான்" என்றான் அண்ணன்.

"பன்னிங்களும் தண்ணி போட்டுதா?"

அவன் முகம் சிவந்தது. அவள் உத்தரவுக் கடிதத்தை நீட்டினாள். "விடலன்னா போலீஸோட வருவேன்."

"கூடப் பொறந்தவனுக்கே குழி பறிக்கிறியா?" என்றாலும் வழி விட்டான்.

அவள் முழு அங்கி, கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டாள். "என்ன கோலம் இது? பாக்கிறவங்க எங்களப் பத்தி என்ன பேசுவாங்க?" என்று வாசலிலிருந்து அண்ணி கத்தினாள்.

கொட்டகையில் பன்றிகள் வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டன. கூரை இல்லாத ஓரத்தில் கொய்யாக் கிளை ஒன்று தாழ்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே, தீவனத் தொட்டியில் பாதி கடித்த பழங்கள் ஈரத்தோடு கிடந்தன. பின்னாலிருந்த பெரிய மரத்தில் வவ்வால்கள் வரிசையாகத் தொங்கின.

"வவ்வால் எச்சில் பட்ட பழத்தப் பன்னி தின்னிருக்கு. பன்னி இருமினது அவன் மேல பட்டிருக்கு. அப்படித்தான் சந்தேகப்படறேன்."

"நல்லாக் கதை விடற. நாளைக்கு லாரி வருது, ஏத்தி அனுப்பப்போறேன்."

"ஒரு பன்னிகூட வெளிய போகக் கூடாது. கதவுக்கு சீல் வெக்கப்போறேன்."

அவன் கையிலிருந்த வாளியைச் சுவரில் வீசி அடித்தான். அவள் குனிந்த தலை நிமிராமல் பன்றிகளின் தொண்டையிலும் ரத்தத்திலும் மாதிரி எடுத்தாள். இரண்டாவது ஊசியைக் கீழே போட்டுவிட்டாள்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. அவள் பயந்த அதே வவ்வால் வைரஸ்; மனிதனுக்குத் தொற்றினால் மூளையைத் தாக்கிக் கொல்வது. எல்லாப் பன்றிகளையும் கொன்று சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். அண்ணன் வீட்டார் உட்பட நோயாளியோடு பழகிய பத்தொன்பது பேரை மூன்று வாரம் வீட்டைவிட்டு வெளியே விடவில்லை. தினமும் இரண்டு வேளை காய்ச்சல் பார்த்தார்கள். அவள் போன் செய்தபோதெல்லாம் அண்ணி எடுத்து, "உயிரோடதான் இருக்கோம், வை" என்றாள்.

கொட்டகை கழுவுகிறவன் பிழைத்துக்கொண்டான். சுவரைப் பிடித்து நடக்கும் அளவுக்குத் தேறினான். வேறு யாருக்கும் நோய் வரவில்லை.

கெடு முடிந்த அன்று அண்ணனே கூப்பிட்டான்.

"பத்தொம்பது பேர்ல ஒருத்தனுக்கு ஒரு தும்மல் வந்துச்சா? ஒண்ணும் ஆகாததுக்கா என் பண்ணையச் சுடுகாடா ஆக்கின?"

"ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதாண்ணே."

"அண்ணேன்னு கூப்பிடாத."

போன் துண்டானது. நான்கு மாதம் கழித்து அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அவளுக்கு மட்டும் பத்திரிகை வரவில்லை.