கழுதைக்கு அந்தப் பேர் ஏன்

திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அறை பெருக்கும் பெண்கள், மத்தியான வேலை ஓய்ந்ததும் துணி வைக்கும் அறையில் உட்கார்ந்து கழுதை ஆடுவார்கள். 1997-இல் புதிதாகச் சேர்ந்த இனியா, சீட்டாட்டத்துக்கு இப்படியொரு பேர் ஏன் என்று கேட்டாள்.

"சீட்டு தீந்தவ தப்பிச்சுடுவா. கடைசில மத்தவங்க பொதியையும் சேத்து எவ சுமக்கறாளோ அவ கழுதை," என்றாள் ராணியம்மாள். "எங்க கீழ்பென்னாத்தூர்ல கழுதையாட்டம் கத்தவும் சொல்லுவாங்க. இங்க சீட்டுக்கட்ட வூட்டுக்குத் தூக்கினு போயி மறுநாள் கொண்டாந்தா போதும்."

கட்டு யார் வீட்டில் இருக்கிறதோ, அந்த வாசலில் நின்று, காலையில் வேலைக்குப் போகும் வழியில் கூட ஆடும் வள்ளி குரல் கொடுப்பாள்: "கழுதை, கட்ட எடுத்துக்கினியா?"

அவர்களோடு ஆடும் காசியம்மாளின் வாசலில் வேறு யாரும் கூப்பிட்டதில்லை. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பெங்களூரில் இருக்கும் மகன் தீபத்துக்கு வருகிறேன் என்பான், வரமாட்டான். அந்த ஒரு குரலுக்காக அவள் தோற்கப் பழகினாள். இறக்கிய இனம் கையில் இல்லாத ஒருத்தி வேறு இனத்தைப் போட்டு வெட்டினால், அதுவரை பெரிய சீட்டு போட்டவள்தான் எல்லாவற்றையும் அள்ளவேண்டும். வெட்டு வருவது தெரிந்தே ராஜாவை இறக்குவாள். அட, தோற்பதற்கும் சாமர்த்தியம் வேண்டாமா? பன்னிரண்டு நாள் தொடர்ந்து அவள்தான் கழுதை.

ராணியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், தெனம் இவளே சுமக்கறா. அலமாரிக்குத்தான் பூட்டு வந்துடுச்சே, கட்டு இனிமே இங்கயே இருக்கட்டும்."

"எனக்கொண்ணும் செரமமில்ல," என்றாள் காசியம்மாள். யார் காதில் விழுந்தது?

மறுநாள் காலை வள்ளியின் செருப்புச் சத்தம் வந்தது, வாசலைத் தாண்டிப் போயிற்று.

அன்று துணி அடுக்க அலமாரிச் சாவி வாங்கிய காசியம்மாள், சீட்டுக்கட்டிலிருந்து இஸ்பேட் ஆஸை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். அதை வைத்திருப்பவள்தான் ஆட்டத்தைத் தொடங்கவேண்டும். அது இல்லாமல் எப்படி ஆடுவார்கள்? தேடிக்கொண்டு வரட்டும். தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்துவைத்து, நாலு பேருக்கு டீத்தண்ணி கொதிக்கவைத்தாள். நாலு மணி ஆயிற்று, ஆறு மணி ஆயிற்று. டீ ஆறிப்போயிற்று.

மறுநாள் ஆட்டத்தில் அவளுக்கு விழுந்த சீட்டுகளுக்கு நடுவே சோப்பு டப்பா அட்டை ஒன்று இருந்தது. பேனாவால் இஸ்பேட் போட்டிருந்தது.

"ஆஸ் நேத்து காணாமப் போச்சுக்கா. இத வெட்டி வெச்சு ஆடிட்டோம்," என்றாள் இனியா.

"உன்கிட்டதான் வந்துருக்குதா? போடு, ஆரம்பிக்கலாம்," என்றாள் வள்ளி.

இடுப்பில் நிஜ ஆஸ் குத்தியது. காசியம்மாள் அட்டையை இறக்கினாள்.